தங்கையின் கலியாணப் படங்களும் தூங்கிய விண்டோஸும்

என் அன்பு நசீர் நானாவுக்கு,

கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கால் இன்னும் உங்கள் கணினி திருத்தும் கடைப்பக்கம்தான் திரும்புகிறது. இப்போது உங்கள் மகள் ரிஸ்னா கடையை நடத்துகிறாள். "கடைசியா என்னத்த அமத்தினீங்க?" என்று உங்களைப் போலவே கேட்கிறாள். ஒருவரும் உண்மை சொல்வதில்லை.

நீங்கள் கண்மூடி மௌத்தான செய்தி கேட்டு என் தங்கை வாணி கனடாவிலிருந்து பேசினாள். அழுதாள். பிறகு அந்தப் படங்களை நினைத்துச் சிரித்தாள்.

அது யுத்த காலம். கலியாணம் முடிந்த கையோடு வாணியின் கணவர் கனடா போய்விட்டார். இவளுக்கு விசா எடுக்கக் கலியாணப் படங்கள் வேண்டும். என் கணினியில் ஏற்றிய பிறகு, கமராவில் இருந்தவற்றைப் படம் எடுத்தவரே அழித்துவிட்டார். மிச்சம் என் கணினியில் இருந்தவைதான். வைரஸுக்குப் பயந்து அதில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் போட்டுத் தந்திருந்தீர்கள். ஒருநாள் திறந்தால் படங்களின் பெயர்கள் எல்லாம் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக இருந்தன. ஒரு படமும் திறக்கவில்லை.

"கொண்டு வாங்க தங்கச்சி. அதுவரைக்கும் ஒண்ணையும் அமத்தாதீங்க" என்றீர்கள் போனில்.

"ஓம் நானா, வாறன்" என்று கணினிப் பெட்டியைப் போர்வையால் சுற்றிக்கொண்டு வாணியோடு பஸ் ஏறினேன். போர்வை சுற்றிய பெட்டியோடு இரண்டு தமிழ்ப் பெண்கள் போனால் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. குண்டென்று நினைத்துப் பஸ்ஸையே காலியாக்கிவிட்டார்கள். சாவடி உங்கள் கடைக்கு நேரே இருந்தது எங்கள் நல்ல காலம். ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவந்து, சிங்களத்தில் பேசிப் பேசியே பெட்டியைக் கழற்றிக் காட்டினீர்கள். உள்ளே தூசியும் ஒரு செத்த பல்லியும். சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னான்.

கடையில் முதலில் டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் கொப்பி எடுத்தீர்கள். பிறகு கேட்டீர்கள்:

"யாரு விண்டோஸ தூங்க வெச்சது?"

"நான்தான். கரண்ட் மிச்சம் பிடிக்க, நிப்பாட்டாமல் ஹைபர்னேட்டை அமத்தினனான்" என்றாள் வாணி.

"அதுக்குப் பிறகு நான் லினக்ஸில போய் படங்களை அடுக்கினனான்" என்றேன்.

"சரிதான். தூங்கினவன் எழும்பி, எல்லாம் பழைய இடத்துலதான் ஈக்குதுன்னு நெனச்சு எழுதிட்டான். இடையில மத்தவன் சாமானெல்லாம் மாத்தி வெச்சிட்டான்."

கொப்பியைச் சோதித்தபோது படங்கள் பெயரிழந்து, வெறும் எண்களோடு வந்தன. திறந்தால் மேல்பாதி மாப்பிள்ளை, கீழ்ப்பாதி மாமியின் காஞ்சிபுரம். ஐயரின் தலைக்குக் கீழே வாழைக்குலை.

"இதையோ விசாவுக்குக் குடுக்கிறது?" என்று வாணி அழத் தொடங்கினாள்.

"அழாதீங்க. மாப்பிள்ளை எந்தச் சேலையில ஈந்தாலும் கட்டினது கட்டினதுதானே" என்றீர்கள், முகத்தை மாற்றாமல். அழுதவள் சிரித்துவிட்டாள்.

தேடத் தேட, முழுசாகத் தப்பிய படங்களும் கொஞ்சம் கிடைத்தன. தாலி கட்டுகிற படத்தில் வாணி கண்ணை மூடியிருந்தாள். ஆனாலும் விசா கிடைத்தது.

அன்று சாவடிக்கு ஓடிவந்தபோது உங்களுக்குப் பயமே வரவில்லையா, நானா? கேட்காமலே இருந்துவிட்டேன்.

ரிஸ்னாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறார்கள். வாணியும் வருகிறாள். நிக்காஹ் அன்று உங்கள் இடத்தில் வாசலில் நின்று வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடப்போவது நாங்கள் இரண்டு பேரும்தான். ரிஸ்னாவின் உம்மா, என் மதினியிடம் சொல்லிவிட்டேன். அவர் வேண்டாம் என்றாலும் நிற்போம்.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கச்சி,
சாந்தினி