பலகையில் இருந்த சொல்

ஜூன் 3
பள்ளி திறந்தது. வாசலில் அக்கா நின்று பிள்ளைகளின் பைகளை வாங்கி மாட்டினாள். அவளுக்காக அப்பா தொடங்கிய பள்ளி. அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இப்போது வகுப்பில் எனக்கு உதவியாள். பலகையில் இன்னும் அதே எழுத்து: ‘மென்டலி ரிடார்டெட் பிள்ளைகளுக்கான பள்ளி’.

ஜூன் 9
பேருந்திலிருந்து இறங்க அக்கா கொஞ்சம் தயங்கினாள். பின்னாலிருந்த கல்லூரிப் பெண் தோழியிடம், “ரிடார்டெட் மாதிரி நிக்குது பாரு” என்றாள். இருவரும் சிரித்தார்கள். அக்காவும் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “அது நம்ம போர்டுல இருக்குற வார்த்தைதானே? அதுக்கு ஏன் சிரிச்சாங்க?”

காதில் விழாததுபோல் துணி மடித்தேன்.

ஜூன் 10
பலகையை மாற்றலாம் என்றேன். அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“தெருவே இவளப் பைத்தியம்னு சொன்னப்போ, டாக்டர் மட்டும்தான் மரியாதையா இந்த வார்த்தையைச் சொன்னாரு. ‘மெதுவா வளருவா, அவ்வளவுதான்’னு அர்த்தம் சொன்னாரு. அன்னைக்குத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

பொய்யில்லை. ‘இடியட்’கூட ஒரு காலத்தில் மருத்துவர்கள் எழுதிய சொல்தானாம். இதுவும் அந்த வழியிலேயே போய்விட்டது. புதிதாக ஒன்று வைத்தால் மட்டும்? அதையும் எவளாவது பேருந்தில் சொல்லிச் சிரிக்க எத்தனை நாளாகும்?

ஜூன் 11
அப்பா எனக்கு முன்பே தனியாகப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 17
அக்கா பள்ளிக்கு வர மறுத்துவிட்டாள். “அது கிண்டல் பண்ற வார்த்தை. அந்தப் போர்டுக்குக் கீழ நான் போக மாட்டேன்.” கெஞ்சினேன், அசையவில்லை. கடைசியில் கத்திவிட்டேன் — போயும் போயும் அவகிட்டயா? என்ன ஆச்சு எனக்கு?

அப்பா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 19
காலையில் அப்பா அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தார். “அந்த வார்த்தை வேண்டாம்மா. வேற என்ன எழுதலாம், நீயே சொல்லு.”

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். “ஸ்கூல்.”

“என்ன ஸ்கூல்னு போடணுமே?”

“ஸ்கூல்தாம்ப்பா.”

அப்பா என்னைப் பார்த்தார்.

ஜூன் 28
பெயின்டர் வந்து அந்த ஒரே சொல்லை எழுதினார். “இவ்வளவுதானா சார்? பாதிப் பலகை சும்மா கிடக்குதே?” “கிடக்கட்டும்” என்றார் அப்பா.

ஜூலை 2
யாரோ ஒரு தாய் போனில் விசாரித்தார். குரல் வெளியே கேட்டது. “உங்க ஸ்கூல் எந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு, சார்?”

அப்பா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “உங்க பிள்ளை பேரு என்னம்மா?” என்று கேட்டார்.