முதலில் ஏறுகிறவன்

பிப்ரவரி 9, திங்கள்

கடலூர் முதுநகரில் மீன் கிடங்கு வேலை இன்று ஆரம்பம். பழைய சிமெண்ட் ஷீட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தகர ஷீட் போட வேண்டும். சிதம்பரத்திலிருந்து ஐந்து பேர் வந்திருக்கிறோம். மேஸ்திரி சிங்காரம் என் தாய்மாமன். அவர் ஏணியடியில் சூடம் ஏற்றியதும், வழக்கம்போல் அம்பலம் முதலில் ஏறினான். என் தங்கை இளமதியின் புருஷன். எங்களில் எடை குறைந்தவன்.

பழைய கூரையில் எந்த ஷீட் தாங்கும், எது தாங்காது என்று ஒருவன் நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். வெறுங்காலில், கயிறு இல்லாமல். முதலில் ஏறுகிறவன் கயிறு கட்டினால் ஆகாதாம். மாமாவின் சட்டம்.

அழகாகத்தான் நடக்கிறான், பாவி. அடியில் இரும்புச் சட்டம் ஓடும் போல்ட் வரிசையை விட்டுக் கால் விலகவே இல்லை. கீழிருந்து பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் அவன் இறங்கும்வரை ஏணியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

அப்புறம் கிடங்கு மேனேஜர் தட்சிணாமூர்த்தி எல்லோருக்கும் கொக்கி வைத்த பெல்ட் மாட்டிவிட்டு ஒரு போட்டோ எடுத்தார். எடுத்ததும் பெல்ட் எல்லாம் திரும்ப மூட்டைக்குள். போட்டோவுக்குத்தான் பாதுகாப்பு. ஆளுக்கு இல்லை.

பிப்ரவரி 10

கயிறு கட்டலாம் என்று மாமாவிடம் சொன்னேன்.

"ஏணி வச்சதுமே கயிறா? இன்னாடா, பாடை கட்டச் சொல்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்பலம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தான். "மச்சான் ஐடிஐ படிச்சவரு மாமா. அவுரு பயத்துக்குக்கூட சர்டிபிகேட் இருக்கு."

சிரிக்கட்டும். பேப்பரில் எப்போதும் 'கால் தவறி விழுந்து தொழிலாளி சாவு' என்றுதான் போடுகிறார்கள். குற்றவாளி கால்தான். மக்கிப்போன ஷீட் இல்லை, ஏற்றிவிட்ட முதலாளி இல்லை.

பிப்ரவரி 11

யாரோ அதிகாரி வருகிறார் என்று மேனேஜருக்குத் தகவல். மூட்டை அவிழ்ந்தது. எல்லோரும் பெல்ட் போட்டு, கொக்கியைக் கைக்கு எட்டிய கூரை போல்ட்டில் மாட்டிக்கொண்டோம். நான் மாட்டிய போல்ட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. உப்புக்காற்று தின்று உள்ளே வெறும் துரு. எனக்கு முன்னால் அம்பலத்தின் முதுகு. அவன் கொக்கியும் அதே வரிசை போல்ட்டில்தான்.

இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி வரவே இல்லை.

"ஏறுடா."

"கயிறு கட்ட எடம் காட்டு மாமா. ஏறறேன்."

"அப்ப வேலைய உட்டுட்டுப் போறியா?"

"போவல. இங்கதான் உக்காந்திருப்பேன்."

போல்ட்டை அவர் கையில் கொடுத்தேன். வாங்கினார். பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டார்.

சாயங்காலம் இளமதி போனில் கத்தினாள். "மொதல்ல ஏர்றவருன்னுதான் நாலு பேரு அவர மதிக்கிறாங்க. அத ஏன்ணா கெடுக்கற?"

உனக்குப் புருஷன் வேணுமா, அவன் பேரு வேணுமா என்று கேட்டுவிட்டேன். கட் பண்ணிவிட்டாள். கேட்டிருக்கக் கூடாதோ? இல்லை, கேட்டது சரி. கேட்ட விதம்தான் தப்பு.

பிப்ரவரி 12

தனியாக உட்கார்ந்திருப்பது ஷீட் தூக்குவதைவிடக் கஷ்டம். மத்தியானம் எங்களோடு வந்த நடராஜ் முள் குத்திவிட்டது என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காலில் முள் எதுவும் இல்லை.

பிப்ரவரி 13

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மேனேஜர் ஒரு மீன்பிடி வலையோடு வந்தார். "உங்க ஆளு பயப்படறான்னு மொதலாளியே குடுத்தனுப்புனாரு. கடலூர்ல வலைக்கா பஞ்சம்?" படகில் கழித்துப் போட்ட பழைய வலை. கூரைக்கு அடியில் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாமாவுக்குக்கூட முகம் தெளிந்துவிட்டது.

"அவ்ளோதான மச்சான்? வுழுந்தா வஞ்சிரம் மாதிரி கெடப்பேன்" என்று அம்பலம் ஏணியில் கால் வைத்தான். நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"மொதல்ல மண்ணு மூட்டை வுழட்டும் மாப்ள. அப்பறம் நீ ஏறு."

ஒரு சாக்கில் பாதிக்கு மண் நிரப்பி, மேலே இழுத்து, விட்டோம். வலை நின்று யோசிக்கக்கூட இல்லை. கிழித்துக்கொண்டு நேராக ஐஸ் பெட்டி மேல் விழுந்து வெடித்தது. மேனேஜரின் வெள்ளைச் சட்டை முழுக்க மண். நடராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அம்பலம் வலையில் விழுந்த ஓட்டையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஆள் தாராளமாகப் போகலாம்.

"அது பாதி மூட்டைதான?" என்றான்.

"பாதிதான்."

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னாப்பா, வேலை நடக்குமா நடக்காதா? பாண்டிலேர்ந்து ஆளு எறக்கட்டுமா?" என்று மேனேஜர் குதித்தார்.

மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். "எறக்குங்க சார். அந்த வலைய மட்டும் அவுக்காதீங்க. ஓட்டைய அவுங்களும் பாக்கட்டும்." துண்டைத் தரையில் விரித்து அவரும் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் மாமா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

என் மாமா! எத்தனை நாள் இவரைத் திட்டியிருப்பேன்.

பிப்ரவரி 14

இன்றும் ஏறவில்லை. ஐந்து பேரும்.

பிப்ரவரி 16

முதலாளி இறங்கி வந்தார். மனசு மாறி அல்ல. பாதிக் கூரை திறந்து கிடக்கிறது. வெயில் நேராக மீன் பெட்டி மேல் அடிக்கிறது. எங்கள் உயிருக்கு வராத அவசரம் ஐஸ் உருகியதும் வந்துவிட்டது. பரவாயில்லை, வந்தால் சரி.

வாடகைக்குக் கம்பிக் கயிறு, ஆள் விழுந்தால் தாங்கும் நிஜமான வலை, ஷீட் மேல் போட்டு நடக்கப் பலகைகள். எல்லாம் வந்து இறங்கின. கம்பிக் கயிற்றை இரும்புச் சட்டத்தின் இரண்டு முனையிலும் நானே கட்டினேன். அம்பலம் அதில் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான்.

"மொதல்ல நான்தான் ஏறுவேன். அதுல மாத்தம் இல்ல, மச்சான்."

"யாரு வேணாம்னாங்க?"

பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஏறினான். அதே அழகான நடை. இந்த முறை நான் ஏணியை விட்டுவிட்டு ஷீட் தூக்கப் போனேன்.

மார்ச் 6

வேலை முடிந்தது. புதுக் கூரை வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. ரோட்டிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நாங்கள் போட்டது.

யாரும் விழவில்லை. "பாத்தியா, ஒருத்தன்கூட வுழல. கயிறு தண்டச் செலவு" என்றார் முதலாளி. எதுவும் நடக்காமல் ஐந்து பேர் வீடு திரும்பியதை எந்தப் பேப்பரும் போடாது. நான் போடுகிறேன், இங்கே.

இளமதி அம்பலத்திடம் எனக்கும் சேர்த்து மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். இன்னும் பேசவில்லை.

மார்ச் 11

திருவந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக் கூரை. முகூர்த்தம் நெருங்குகிறது, இன்றே ஏறுங்கள் என்று மண்டபத்துக்காரர் பறந்தார். நான் வண்டியிலிருந்து வெல்டிங் மிஷினை இறக்கிக்கொண்டிருந்தேன். அம்பலத்தின் குரல் கேட்டது.

"கயிறு எங்க சார் கட்டறது?"

"இதுக்கு எதுக்குப்பா கயிறு? போன தடவ வந்தவன் லுங்கியோட ஏறுனான்."

"அவரு நம்பர் இருக்கா சார்?"

"இல்லியே. ஏன்?"

"எங்க நம்பர் இருக்குல்ல. கயிறு வந்ததும் கூப்புடுங்க. டீக்கடைல இருக்கோம்."

மாமா சாய்த்து வைத்த ஏணியை எடுத்துத் தரையில் படுக்கப் போட்டார். மிஷினை அப்படியே விட்டுவிட்டு நானும் அவர்கள் பின்னால் நடந்தேன்.

நான் வாயே திறக்கவில்லை.