ஆறு மாத அனுமதி

பதிவு 212
2079 நவம்பர் 3, காலை 07:30

குளத்தில் எரிபொருளுக்கு மேல் நீர்மட்டம் 6.2 மீட்டர். நீரின் வெப்பம் 34 பாகை. கதிர்வீச்சு இயல்பு.

அணு உலைகள் இரண்டையும் மூடி இருபது ஆண்டுகள் ஆகின்றன. இடிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. கடல் ஏறியதில் சாலை போய்விட்டது. மாதம் இருமுறை படகு வரும். குளத்தில் பயன்படுத்திய எரிபொருள் கட்டுகள் 1,140 நீருக்கடியில் ஆறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் முந்நூறு வேறு நிலையத்திலிருந்து வந்தவை, மூன்று ஆண்டுகூட ஆறாதவை. அவற்றை அடைத்துக் கொண்டுபோக வேண்டிய இரும்புக் கலங்கள் இன்னும் வரவில்லை.

இங்கே மூன்று பேர் இருக்கிறோம். நான் மரியபுஷ்பம், பாதுகாப்பு ஆய்வாளர். பம்பு மெக்கானிக் பொன்னுலிங்கம். கருவிகளைப் பார்க்கும் செய்யது.

குறிப்பிட ஏதுமில்லை.

பதிவு 214
நவம்பர் 5, காலை 06:40

புயலில் மின்சாரம் போனது. டீசல் எந்திரம் ஓடியது, ஆனால் காற்றடிக்கும் கம்ப்ரசர் எரிந்துவிட்டது. குளத்துக்கும் பக்கத்துக் கால்வாய்க்கும் நடுவே இருக்கும் கதவைச் சுற்றிக் காற்றடைத்த ரப்பர் பட்டை உண்டு. காற்று இறங்கி அது தளர்ந்து, தண்ணீர் காலிக் கால்வாய்க்குள் ஒழுகி வடிகாலில் போய்விடுகிறது. பம்பு முழு வேகத்தில் ஊற்றியும் மணிக்கு நான்கு சென்டிமீட்டர் இறங்குகிறது.

காற்று போனாலும் நல்ல பட்டை இரண்டு வாரம் தாங்கும். இது தாங்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆகஸ்டில் நான்தான் சோதித்தேன். ரப்பர் வரம்பைத் தாண்டி இறுகியிருந்தது. மாற்றுப் பட்டை கிடைக்க ஓராண்டு ஆகும் என்றார்கள். "ஆறு மாதம் தொடரலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எழுதினேன்.

பதிவு 215
நவம்பர் 5, பகல் 14:00

தலைமையகத்தின் பதில்: "படகு இப்ப விட முடியாது மேடம். புயல் கடக்கட்டும். தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க. அக்கம்பக்கத்துல யாருக்கும் எதுவும் சொல்லிப் பதற வைக்காதீங்க."

சரி என்றேன். உப்பங்கழிக்கு அப்பால் மூன்று கிலோமீட்டரில் மீனவர் குடியிருப்பு இருக்கிறது. அறுபது குடும்பங்கள்.

பதிவு 217
நவம்பர் 6, காலை 10:20

நீர்மட்டம் 4.8. பொன்னுலிங்கத்தின் யோசனைப்படி தார்ப்பாயின் அடியில் சங்கிலியைக் கட்டிக் குளத்துப் பக்கமாகக் கதவை ஒட்டி இறக்கினோம். ஒழுக்கே அதை உள்ளே இழுத்து ஒட்டவைத்தது. ஒரு மணி நேரமாக மட்டம் அசையவில்லை. செய்யது டீ போட்டுக் கொடுத்தான். மூவரும் அளவுகோலைப் பார்த்தபடியே குடித்தோம்.

மாலை 16:30

தார்ப்பாய் கிழிந்தது. போகும்போது பட்டையில் பாதியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது மணிக்குப் பதினைந்து சென்டிமீட்டர்.

பதிவு 219
நவம்பர் 7, காலை 08:30

2.4 மீட்டர். குளத்தின் விளிம்பில் நான்கு நிமிடம் நின்றால் ஓராண்டுக்கான கதிர்வீச்சு வரம்பு முடிந்துவிடும். டீசல் ஐந்து மணி நேரத்துக்கு இருக்கிறது. தலைமையகம் பதில் தரவில்லை.

காலை 10:10

கால்வாய்க்குள் இறங்கி, கதவிடுக்கில் மரஆப்பு அடிக்கலாம் என்கிறார் பொன்னுலிங்கம். அங்கே கதிர்வீச்சு விளிம்பைவிடப் பல மடங்கு. வேலையை நிறுத்தும் உத்தரவு எழுதிக் கையில் கொடுத்தேன். எனக்கு இருக்கும் ஒரே அதிகாரம் அது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். கீழே கையெழுத்தும் போட்டார்.

"நீங்க எழுதுனது சரிதான் மேடம். வாங்கிக்கிட்டேன்னு குறிச்சிக்கிடுங்க. நான் போயிட்டு வாரேன்."

நான் தடுக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்கிறேன். வாசலின் குறுக்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

காலை 10:50

இருபத்திரண்டு நிமிடம் உள்ளே இருந்தார். ஒழுக்கு பாதியாகக் குறைந்தது. தானாகவே ஏறி வந்தார். இரண்டு முறை வாந்தி. சட்டையில் மாட்டியிருந்த கதிர்வீச்சு அளவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"குறைச்சு எழுதிராதீங்க. எம்மவ கேப்பா."

குறைக்கவில்லை: 9.4 சீவர்ட். இதில் பாதியே ஆளைக் கொல்லப் போதும் என்று அவருக்கும் தெரியும்.

காலை 11:15

தலைமையகத்தின் சொல்லை மீறிச் செய்யதுவைச் சிறு படகில் உப்பங்கழி வழியே குடியிருப்புக்கு அனுப்பினேன். எல்லாரையும் கிளப்பச் சொல்லியிருக்கிறேன். இதை நேற்று முன்தினமே செய்திருக்க வேண்டும்.

பதிவு 220
நவம்பர் 7, பகல் 13:20

டீசல் தீர்ந்தது. பம்பு நின்றது.

பகல் 13:35

கதவு பெயர்ந்தது. தண்ணீர் மொத்தமாகக் கால்வாய்க்குள் போகிறது. கட்டுப்பாட்டு அறைக்கு வந்துவிட்டேன். பொன்னுலிங்கத்தைச் சுவரோரம் படுக்க வைத்திருக்கிறேன். கேட்டால் தலையசைக்கிறார்.

ஆறாத கட்டுகளில் காற்று பட்டால் சில மணி நேரத்தில் அவற்றின் உலோக உறை பற்றிக்கொள்ளும். புகை காற்றோடு போகும். காற்று வடகிழக்கிலிருந்து. குடியிருப்பு தென்மேற்கில்.

பகல் 13:50

வாக்கிடாக்கியில் செய்யது: "மேடம், யாரும் நம்ப மாட்டேங்காங்க. ஆலயச் சுவத்துல மாசாமாசம் நாம ஒட்டுற காயிதம் இருக்குல்லா, பாதுகாப்பா இருக்குன்னு. அதக் காட்டுதாங்க. மரியபுஷ்பம் அம்மா கையெழுத்து போட்டிருக்காங்க, அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு சொல்லுதாங்க."

அவர்கள் பக்கம் பிடிக்கச் சொன்னேன். பேசினேன்.

"நான்தான் மரியபுஷ்பம் பேசுறேன். அந்தக் காயிதம் தப்பு. நான் எழுதுனதுதான், ஆனா தப்பு. எல்லாரும் வடக்கால கிளம்புங்க. ஒண்ணும் எடுக்காதீங்க."

ஒரு பெண் கேட்டாள்: "எத்தன நாளைக்கும்மா?"

திரும்பி வர முடியாது என்றேன்.

அங்கே யாரோ ஒருவர் சொன்னது கேட்டது: "இது அவுங்க குரலே இல்ல. எடத்தக் காலி பண்ண வைக்கிறதுக்கு எவனோ ஆள் வச்சுப் பேசுதான்."

பகல் 14:10

செய்யது தொடர்பில் இல்லை. பேட்டரியாக இருக்கலாம்.

பகல் 14:40

அளவுகோலில் தண்ணீர் தெரியவில்லை. பொன்னுலிங்கம் தலையசைப்பதை நிறுத்திவிட்டார்.

பகல் 15:15

கூப்பிட்டேன். எழவில்லை; மூச்சு மட்டும் ஓடுகிறது.

மாலை 16:05

குளத்துக் கூரையிலிருந்து வெள்ளையாக ஏதோ எழுகிறது. காற்று மாறவில்லை. ஜன்னல் வழியே குடியிருப்பு தெரிகிறது. படகுகள் கரையிலேயே இருக்கின்றன. யார் வீட்டிலோ அடுப்பு பற்றவைத்திருக்கிறார்கள், புகை