பதினாலாம் பக்கம் சிக்கிய கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் புதுப் பல் செட்டைத் தவிர. அது விருந்தாளி வந்தால்தான் வாயில் இருக்கிறது, மற்ற நேரமெல்லாம் டம்ளரில் கிடந்து என்னைப் பார்த்து இளிக்கிறது. உன் இருமல் போயிருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி நடுவில் புகுந்து பேசுவார், இது ஸ்பீக்கரில் போடுகிற சமாசாரம் இல்லை.

திட்டாமல் படி. நீ வேலைக்குக் கிளம்பிய அன்று, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாததால் நாம் மறைவாக 'இஸ்திரி' என்று கூப்பிடும் உன் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சித்தப்பா ஒரு கட்டு வெற்றுப் படிவங்களை நீட்டினார், ஞாபகம் இருக்கிறதா? பெட்டி மூடியின் மேல் வைத்து, பென்சில் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் நீயும் கையெழுத்துப் போட்டாய். எதற்கு என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதில் ஒன்றை எடுத்துத்தான் போன மாதம் உன் பெயரில் ஒரு பாலிசி போட்டிருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து உன் சம்பளத்தில் பாதி அதற்குப் போகும், இருபத்திரண்டு வருடத்துக்கு. இது எனக்கே தெரிந்தது எப்படி என்றால், பாலிசிப் புத்தகத்தை நகல் எடுக்க நம் ஜெராக்ஸ் கடைக்கே கொண்டுவந்தார். நான்தான் ஊரார் பத்திரமெல்லாம் கை வழியாகப் போனாலும் ஓரம் நேராக இருக்கிறதா, மை ஒழுங்காக விழுந்ததா என்று மட்டும் பார்க்கிறவள் ஆயிற்றே. ஆனால் பதினாலாம் பக்கம் மெஷினில் சிக்கிக்கொண்டது. பிய்யாமல் உருவி எடுத்து, எழுத்து அழிந்திருக்கிறதா என்று பார்க்கப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன். ஐந்து வருடத்துக்குள் நிறுத்தினால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பி வராதாம்.

அதற்குப் பிறகு சும்மா இருப்பேனா, அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு புத்தகம் மொத்தத்தையும் இரண்டு நாளில் முடித்தேன். விண்ணப்பத்தின் நகலில் 'பணம் சார்ந்த அனுபவம்' என்று ஒரு கேள்வி, அதில் 'ஏதும் இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக். எவனடா என் பெண்ணை இப்படிச் சொன்னவன் என்று பொங்கி எழுந்தேன். பார்த்தால் என் டிக்! போன மாதம் ஒரு நாள் கடையில் அவர் கேள்வியைப் படிக்கப் படிக்க, எதற்கென்று கேட்காமல் நான்தான் டிக் போட்டுக் கொடுத்தேன். "பண விஷயத்துல புள்ளைக்கு ஏதாவது தெரியுமா அண்ணி?" என்று கேட்டார். நான் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே, "அவளுக்கு என்ன தெரியும், பச்சக் குழந்தை" என்று சிரித்திருக்கிறேன். வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கில் ஒரு அட்டை மாத்திரை குறைந்தாலும் பிடித்துவிடும் உன்னைப் போய் அப்படிச் சொல்லிவிட்டேனே என்று கடையிலேயே அழுதுவிட்டேன். என்னை மன்னித்துவிடு, கண்ணு.

மறுநாள் சித்தப்பா வந்ததும் உட்கார வைத்து, "தம்பி, இதுல உங்களுக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டேன். "குடும்பத்துக்குள்ள இப்படியா கேப்பாங்க அண்ணி?" என்றார். அவர் சட்டையில் அன்றுதான் சுருக்கத்தைப் பார்த்தேன். நீ கையெழுத்துப் போட்டதில் மிச்சமிருந்த நாலு படிவங்களையும் வாங்கி அவர் கண் முன்னாலேயே பேப்பர் கட்டரில் கொடுத்துத் துண்டு போட்டேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதருக்கும் கமிஷன் உண்டு.

பாலிசி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம். உன் கையெழுத்து வேண்டும், காரணமும் எழுத வேண்டும். "அவ கையெழுத்து உனக்கு வராதா, நீயே போட்டு முடி" என்றார் உன் அப்பா. உண்மையைச் சொல்கிறேன், பழைய தாளில் நாலு தடவை போட்டுப் பார்த்தேன், அச்சு அசலாக வந்தது. அப்புறம்தான் கை கூசிக் கிழித்துப் போட்டேன். திருப்புகிற படிவத்தையும் புத்தகத்தின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். முழுக்கப் படி, புரியாததை அந்த அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேள், அசட்டுக் கேள்வியாக இருந்தாலும் கேள். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா உனக்குப் போன் போட்டுத் தேனாகப் பேசுவார். படித்துப் பார்த்து, இது நல்லதுதான் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாக வைத்துக்கொள், நான் வாயே திறக்க மாட்டேன். சித்தப்பா மனசு நோகுமே என்று வைத்துக்கொண்டாயோ, ஒரு மாதம் உன்னோடு பேச மாட்டேன். காரணம் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்காதே.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், யாரிடமும் கை கட்டி நிற்காமல் இருக்க வேண்டும். பதினொரு நாள் போய்விட்டது, இன்னும் பத்தொன்பது நாள்தான், மறக்காதே. அலுவலக விலாசம் எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. தபால்தலை மட்டும் வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை. அனுப்புவதாக இருந்தால் உன் காசில் வாங்கி ஒட்டிக்கொள்.

உன்னைக் குறைவாக எடை போட்டுவிட்ட,
அம்மா