ஹள்ள என்றால் பள்ளம் அல்ல

பெங்களூர்
16-5-1996

அன்புள்ள ஸ்ரீரஞ்சனிக்கு,

அப்பாவின் ஆசிகள். நாக்பூர் வெயிலில் குழந்தைக்கு வேனல் கட்டி வந்திருப்பதாக எழுதியிருந்தாய். இப்போது தேவலையா? இங்கே அம்மா சௌக்கியம். என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்ல நினைத்தேன். எஸ்.டி.டி. பூத்துக்கு வெளியே ஆட்கள் காத்து நின்றதைப் பார்த்ததும் பதறி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

உன் தம்பி சுஹாஸ் ஜூன் முதல் வாரம் கம்பெனி நண்பர்களோடு மலெநாட்டுக் காட்டுக்குப் போகிறான். முகட்டை ஒட்டிய பாதை ஒரு பெரிய பாறையருகே இரண்டாகப் பிரிகிறது. வலது பாதை மேட்டிலேயே சுற்றிப் போகும், அட்டை அதிகம். இடது பாதை சோலைக்குள் இறங்கி ஆனெஹள்ள என்ற இடத்தில் முடியும். அங்கேதான் டென்ட் போடப் போகிறார்களாம். மணல் தரையாம், காற்றும் அடிக்காதாம்.

மலெநாட்டில் ஹள்ள என்றால் ஓடை என்று சொன்னேன். "ஹள்ளன்னா பள்ளம்தானேப்பா? நம்ம ரோடு பூரா ஹள்ளதான், அதுலதானே பஸ்ஸு போவுது!" என்று சிரித்தான். கூட வந்திருந்த அவன் கம்பெனி நண்பன் ஷ்ரேயாஸ், "அப்போ நம்ம தெருவுல போட் விடலாம், அங்கிள்" என்றான். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

கோடையில் போய்ப் பார்த்தவர்கள் மணலைத்தான் பார்த்திருப்பார்கள். முகட்டில் ஒரு மழை அடித்தால் போதும், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். என்னிடமுள்ள வரைபடத்தில் சம உயரக் கோடுகள் அந்த இடத்தில் மலைப்பக்கம் கூராக வளைகின்றன. அது ஓடையின் அடையாளம். சர்வே ஆபீஸில் ஆயுசெல்லாம் அந்தக் கோடுகளைத்தானே வரைந்தேன்? ஆனாலும் "நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்று அவன் கேட்டதும் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டேன். போனதில்லை. எல்லாம் மேஜையில் பார்த்ததுதான். ஒருவேளை நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்று மறுபடி லென்ஸை வைத்துப் பார்த்தேன். கோடு மாறவில்லை. அம்மாவோ, "பசங்க சந்தோஷமா கிளம்பறாங்க, நீங்க வாயை வெக்காதீங்க" என்கிறாள்.

நீ சொன்னால் கேட்பான். போகவேண்டாம் என்று சொல்லாதே, போகட்டும். வலது பாதையில் போய் மேட்டில் படுக்கச் சொல். அட்டைக்கு உப்பு நான் கட்டிக் கொடுக்கிறேன். நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே. நீயே எங்கோ கேள்விப்பட்டதாக இருக்கட்டும்.

என் பிள்ளைகள் இருவரும் என்றைக்கும் மேட்டிலேயே இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா