பானட்டுக்குள் இருந்த பிளாஸ்திரி

என் செல்ல அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் மொபைல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு அவள் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்புவதற்குள் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இன்று மேம்பாலம் ஏறும்போது நம் கார் நின்றுவிட்டது அப்பா. முதலில் உதறியது. பிறகு ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தும் இழுக்கவில்லை. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே மயிரிழையில் ஒதுங்கிப் போனது. எப்படியோ மறுபடி ஸ்டார்ட் ஆகி வீடு வந்தோம். "எனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்று அம்மா அழுதாள். மாமா போனில், "டீசல் வண்டியெல்லாம் உனக்கு எதுக்குக்கா? ஞாயிற்றுக்கிழமை வித்துடலாம்" என்றார்.

அம்மாவுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். தப்பு என்னுடையது.

டீசல் பில்டர் மாற்றும் நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? நம் ஏரியா முனிர்காவின் மெக்கானிக் கடையில் மூன்று பேரும் நிற்போம். அம்மாவின் பையிலிருந்து வெள்ளை பிளாஸ்திரியைக் கிழித்து, அடுத்து எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று தமிழில் எழுதி, பானட்டின் உட்பக்கம் ஒட்டுவீர்கள். "சார், ஜலேபி பிழிஞ்சு வச்சிருக்கீங்களே!" என்று நம் தமிழ் எழுத்தின் சுழிகளைப் பார்த்து மெக்கானிக் அண்ணன், நம் பையா, இந்தியில் கிண்டலடிப்பார். "நம்பர் உனக்கு பையா, ஜலேபி என் பொண்ணுக்கு" என்பீர்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தால்தான் பானட் மூடும். இப்போது வேகமாகவே படிக்கிறேன். யாரிடம் படித்துக் காட்டுவது?

நீங்கள் சாமியிடம் போன பிறகு அந்தப் பிளாஸ்திரியின் ஓரம் பிரிய ஆரம்பித்தது. விழுந்து தொலைந்துவிடுமோ என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் உரித்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். பரீட்சையில் அதைத் தொட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

போன சர்வீஸில் பையா கேட்டார், "மேடம், பில்டர் மாத்தணுமா?" அம்மா பானட்டுக்குள் தேடிப் பார்த்தாள். "அவர் ஒட்டினதைக் காணோமே. நேரம் நெருங்கியிருந்தா சொல்லிட்டுத்தான் போயிருப்பார், இன்னும் வரல போல." அவ்வளவு நம்பிக்கை உங்கள் மேல். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. சொன்னால் அதை வாங்கித் திரும்ப ஒட்டிவிடுவாளே.

'அறுபதாயிரத்தில் மாற்று' என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று மீட்டரில் அறுபத்தொன்பதாயிரம். பில்டர் அடைத்துக்கொண்டால் ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு வாங்கும் என்பீர்களே, அது அந்த ஹார்ன் சத்தத்தில்தான் நினைவுக்கு வந்தது.

பயமாக இருக்கிறது அப்பா. அம்மா அடிக்க மாட்டாள். பேசாமல் பார்ப்பாள், அதுதான் பயம்.

ஆனாலும் அவள் சாவியை எடுப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்திரியை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். புது பில்டர் மாட்டியதும் அடுத்த நம்பரை நான் எழுதி ஒட்டுவேன். தமிழில்தான். பையா சிரித்தால் சிரிக்கட்டும்.

உங்கள் ஜலேபியைப் படிக்கும் மகள்,
கயல்