நாற்காலியில் மாட்டிய சட்டை

அண்ணா,

என் வேலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மூளை எப்படிப் பார்க்கிறது என்பதற்குக் கணினியில் ஒரு மாதிரி செய்திருக்கிறோம். நடுக்குவாத நோயில் நடப்பதுபோல, கண்ணிலிருந்து அதற்கு வரும் தகவலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். எல்லாம் மங்கிப்போகும் என்று நினைத்தேன். அதுவோ இல்லாத முகங்களைக் கண்டது. பார்வை விட்ட இடத்தை எதிர்பார்ப்பு நிரப்பிவிடுகிறது. அதிகம் பழகிய முகம்தான் முதலில் வருகிறது.

அப்பாவுக்கும் அதே நோய்தானே. ஜன்னலோர நாற்காலியில் உன் பழைய சட்டை மாட்டியிருக்கிறது. சாயங்காலமானால் அதன் எதிரே கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

"என்னடா, இன்னும் கோவம் தீரலையா? பெரிய இவன்!"

"அது சட்டைப்பா," என்றேன்.

"உனக்குக் கம்ப்யூட்டரத் தவிர என்ன தெரியும்? போய் அவனுக்குக் காபி போடு."

டாக்டர் சொன்னபடி நேற்று சட்டையை எடுத்துத் துவைத்துப் போட்டேன். நாற்காலி வெறும் நாற்காலி ஆனது. அப்பா வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். "மறுபடியும் சொல்லாமப் போயிட்டான்," என்றார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

ஈரம் காய்வதற்குள் சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டேன். அப்போதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். கணினியில் தகவலைக் கூட்டினால் பொய் முகங்கள் போய்விடுகின்றன. இங்கே எதைக் கூட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

ஜன்னலோரம் நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. நீ வருவதாக இருந்தால் சொல், சட்டையை எடுத்துவிடுகிறேன்.

உன் தங்கை